வெறுங்குடுவையை ஓட்டச் சொன்ன அண்ணனுக்கு

குடுவையும் குப்பியும் குறையின்றிக் காத்த கொள்கைக் குன்றே, பீனால் நெடியிலும் புன்னகை மாறாப் பெருந்தகையே, முப்பத்தோராண்டுகள் எங்கள் ஆய்வகத்தின் கழுவுமிடத்தைக் கட்டியாண்ட காவலரே, அனைவர்க்கும் அண்ணனாய் அமைந்த அன்பரே, வணக்கம்.

இப்பணி ஓய்வு விழாவில் தங்கள் பண்புகளை அடுக்கினால் நாற்காலியில் நெளிவீர்கள் என்பதை அறிவோம். ஆகவே ஒரே ஒரு நிகழ்ச்சியை, அதுவும் அவையோரை நோக்கிச் சொல்கிறோம். எழுந்து வெளியே போய்விடாமல் பொறுத்தருள்க.

அவையோரே, அண்ணன் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. அவரை நிரந்தரமாக்கும் கோப்பு இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காய்ச்சலே வரவழைக்காமல் உடலுக்குள் குடியேறும் ஒரு பாக்டீரியாவின் வெளிச்சவ்வை எங்கள் கொழுப்புப் பிரிவுத் தலைவி ஆராய்ந்துகொண்டிருந்தார். அச்சவ்வுக் கொழுப்பின் அடியில் இணைந்த இரண்டு சர்க்கரைகள். அவற்றிலிருந்து தொங்குபவை கொழுப்பு அமிலச் சங்கிலிகள். சங்கிலி ஆறு இருந்தால் உடல் பகைவனைக் கண்டுகொண்டு கொதித்தெழும். அம்மையாரின் கணக்கில் இக்கிருமிக்கும் ஆறே வந்தது. அப்படியானால் காய்ச்சல் வராத காரணம் சர்க்கரையில்தான் இருக்க வேண்டும் என்று கட்டுரை எழுதி முடித்துவிட்டார். மறுநாள் அது அனுப்பப்பட வேண்டும்.

அன்று பிற்பகல் அழுக்குக் குடுவைகளை எடுக்கப் போன அண்ணன், கொழுப்பு அமிலங்களைப் பிரித்துக் காட்டும் இயந்திரம் வரைந்து, சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களின் முன் நின்றுவிட்டார். பன்னிரண்டு கார்பன் கொண்ட கொழுப்பு அமிலத்தைக் காட்டும் முகடு முதல் சில படங்களில் இல்லை. அவை சரியாக வராதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு தேதிக்குப் பின் எல்லாப் படங்களிலும் அது நிமிர்ந்து நின்றது. தேதியைப் படித்ததும் அண்ணன் நேரே அம்மையாரிடம் போனார்.

“அம்மா, அன்னிக்குத்தான் நான் சோப்பை மாத்தினேன். பழைய பவுடர் கையை வெடிக்க வைக்குதுன்னு தேங்காயெண்ணெய் சோப்பு வாங்கிட்டு வந்தேன். யார்கிட்டயும் கேக்கல.”

“அண்ணா, நாளைக்குக் கட்டுரை போகுது. இதை இப்பவா சொல்றீங்க?”

“இப்பத்தாம்மா தேதியைப் பார்த்தேன். ஒரு வெறும் குடுவையைக் கழுவித் தரேன். அதையும் மெஷின்ல ஓட்டிப் பாருங்க.”

ஓட்டிப் பார்த்தார். கிருமியே இல்லாத குடுவையிலும் அதே முகடு வந்தது. தேங்காயெண்ணெயில் நிறைந்திருப்பது அந்த அமிலந்தான். அம்மையார் அனுப்பவிருந்த கட்டுரையை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தார்.

மறுநாள் இயக்குநர் அழைத்தபோது, வேலை போய்விடும் என்றெண்ணி, அண்ணன் தம் பெட்டியில் இருந்த மாற்றுச் சட்டையையும் சாப்பாட்டுத் தூக்கையும் பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் போனார்.

“நீங்க வாயே திறக்காம இருந்திருக்கலாமே” என்றார் இயக்குநர்.

“வேற ஊர்ல யாராவது செஞ்சு பார்த்தா அந்த முகடு வராதே சார். அப்ப அம்மாதானே தலைகுனியணும்.”

இயக்குநர் கோப்பை இழுத்துக் கையெழுத்திட்டார். “இனிமே சோப்பை மாத்தினா எனக்குச் சொல்லுங்க. கையுறை வேணும்னும் எழுதிக் குடுங்க” என்றார்.

சோப்பே தொடாமல், அமிலத்திலும் கரைப்பானிலும் கழுவிய குடுவைகளில் மூன்று வாரம் வேலை நடந்தது. கிருமிக்கு இருந்தவை நான்கே சங்கிலிகள். இரண்டு குறைந்ததால்தான் உடலின் காவல் விழிக்கவில்லை. குற்றமற்ற சர்க்கரை விடுதலையானது. கட்டுரை வேறொன்றாய்ப் பிறந்து, எங்கள் ஆய்வகத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது. அன்றுமுதல் இங்கே ஒவ்வொரு சோதனையும் ஒரு வெறுங்குடுவையோடுதான் தொடங்குகிறது. குறிப்பேடுகளில் அதற்குப் பெயர் ‘அண்ணன் குடுவை’.

அருமை அண்ணா, தங்கள் கைவெடிப்பு ஆறட்டும். முழங்கால் வலி விலகட்டும். பகல் தூக்கம் பழகட்டும். பேரப்பிள்ளைகளின் பேரிரைச்சலில் பல்லாண்டு நலமோடு வாழ்க. அண்ணி மட்டும் எங்களைத் தனியே அழைத்து ஒரு வேண்டுகோள் விடுத்தார்: அவர் கழுவி வைத்த டம்ளரைத் தாங்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக் கூடாதாம். அதற்கு மட்டும் எங்களால் உறுதி கூற இயலவில்லை.

தங்கள் கைகளை நம்பி ஆய்ந்த,
கொழுப்புப் பிரிவு, சர்க்கரைப் பிரிவு மற்றும் அலுவலகப் பணியாளர்கள்