கீழே எழுதிய வரி

முதலில் எல்லோரும் போனைக் கவிழ்த்து வையுங்கள். பாதிக் கதையில் எவனுக்காவது மணி அடித்தால், சத்தியமாக நான் எழுந்து போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணி... ஆமாம், மத்தியானம்தான். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னது? ஊருக்கு வெளியே, கிடங்குகள் மட்டும் இருக்கிற நீளச் சாலை. வார நாளில் லாரிகள் முட்டிக்கொண்டு நிற்கும். ஞாயிறன்று ஒரு ஈ காக்கை கிடையாது. தார் உருகுகிற வாசனை. அந்தச் சாலையின் கடைசியில் ஒரு குளிர்கிடங்கு, ஒன்பது அறைகள், ஒவ்வொன்றிலும் மைனஸ் இருபது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே ஒரு மனிதர் விறைத்துச் செத்துக்கொண்டிருந்தார்.

அவர் அங்கே வாட்ச்மேன். ஏழாம் அறையைப் பார்த்துவரப் போனவர். கதவு சாத்திக்கொண்டது. உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக் கணக்காகிறது... எல்லோருக்கும் தெரியும். போன் வாசல் அறையில் சார்ஜில் கிடந்தது. ஆனால் சுவரில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. அமுக்கினால் நகரத்து அலுவலகத்தில் மணி அடிக்கும். அவர் அமுக்கினார். மணி அடிக்கவில்லை.

நம்ம ஒல்லி இருக்கிறானே, என்னோடு வேலை பார்த்தவன், அவனுடைய அக்கா வீட்டுக்காரர்தான் அந்தக் கம்பெனிக்கு நெட்வொர்க் எஞ்சினியர். ஒல்லி அவரை அத்தான் என்பான், நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். வேலையில் கில்லாடி. வாய்தான் கொஞ்சம் நீளம். கிடங்கிலிருந்த மலிவு கேமராக்களில் வைரஸ் புகுந்துவிட்டது. உடனே அத்தான், ஃபயர்வாலில் அந்தக் கிடங்கின் சப்நெட் முழுவதையும் தூக்கி அடைப்பு ஜோனில் போட்டார்.

முழிக்காதீர்கள், சொல்கிறேன். சப்நெட் என்றால் ஒரு தெரு. ஒவ்வொரு இயந்திரமும் அந்தத் தெருவில் ஒரு வீடு. அடைப்பு ஜோனில் போட்டால், அங்கிருந்து எதுவும் வெளியே போகாது. ஃபயர்வால், வாசலில் பட்டியலோடு நிற்கிற ஆள். மேலிருந்து படிப்பான், முதலில் பொருந்துகிற வரியோடு நிறுத்திவிடுவான். கீழே என்ன எழுதியிருந்தாலும் அவனுக்குக் கவலையில்லை. தெருவை அடை, எழுபத்தேழாம் வீட்டை மட்டும் விடு என்றால், எழுபத்தேழை மேலே எழுத வேண்டும். 10.20.9.77. பட்டன்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இருந்த பெட்டியின் முகவரி அது.

அத்தான் அதைக் கீழே எழுதினார்.

முந்தின வெள்ளிக்கிழமை, ஐந்து மணி. கிடங்கிலிருந்து பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறவரிடம் வாட்ச்மேன் கேட்டிருக்கிறார். "சார், பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பாத்துடலாமா?"

"உன் வேலையைப் பாருய்யா. எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அரை நிமிஷ வேலை.

திங்கட்கிழமை உடலை எடுத்தார்கள். அதற்குள் அத்தான் ஃபயர்வாலின் பதிவைத் திறந்து பார்த்துவிட்டார். அதே முகவரி... தடுக்கப்பட்டது. தடுக்கப்பட்டது. நாற்பத்தொரு தடவை. முதலில் அடுத்தடுத்து, பிறகு விட்டு விட்டு. மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? பதிவை அழித்தார். வரியை மேலே ஏற்றினார். 'பட்டன் சரியாக இருக்கிறது, யாரும் அமுக்கவில்லை' என்று அறிக்கை எழுதினார். குடித்துவிட்டு உள்ளே தூங்கிவிட்டான் என்று ஊரே பேசியது. செத்தவர் மனைவி கிடங்கு வாசலில் நின்று கத்தினாள். "என் வீட்டுக்காரர் குடிக்கவே மாட்டாருங்க! அவர் அமுக்கியிருப்பாருங்க!" ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் ஆரம்பித்தது. அத்தான் அனுப்பிய மெயில் ஒன்றும் போய்ச் சேரவில்லை. பார்த்தால், அவருடைய கம்ப்யூட்டர் முகவரி அடைப்பு ஜோனில், பட்டியலின் உச்சியில். அழித்தார். மறுநாள் மறுபடி இருந்தது. முகவரியை மாற்றினார். புது முகவரி வந்து உட்கார்ந்தது. பிறகு போன்... இவர் இங்கே கத்துவார், அங்கே "ஹலோ, ஹலோ" என்று வைத்துவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்த முகவரி மட்டும் எந்த இயந்திரத்துக்கும் உரியதல்ல.

அத்தான் வெலவெலத்துப் போனார். உண்மையைச் சொன்னால் விட்டுவிடும் என்று மேனேஜர் அறைக்கு ஓடினார். வாயைத் திறந்தார்.

"என்னய்யா, வாயைப் பொளந்துட்டு நிக்கிறே?" என்றார் மேனேஜர்.

கழுத்து நரம்பு புடைக்கிறது. சத்தம் இல்லை... எழுதிக் காட்டலாமே என்றுதானே கேட்க வருகிறாய்? எழுதினார். பேனா தாளைக் கிழித்தது. மை இறங்கவில்லை.

மூன்று வருஷம். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். அந்த மனுஷன் ஒரு வார்த்தை பேசினால் போதும் என்று அக்கா உருகினாள். அவளுக்காகத்தான் ஒல்லி அதே கம்பெனியில், அத்தான் பார்த்த அதே வேலைக்குச் சேர்ந்தான். பழைய பேக்கப்பைத் தோண்டி அந்த நாற்பத்தொரு வரிகளையும் கண்டுபிடித்தான். ஒல்லி தங்கமான பிள்ளை, சொந்தம் என்று மூடி மறைக்கவில்லை. அச்செடுத்து நேரே வாட்ச்மேன் மனைவி கையில் கொடுத்தான். கம்பெனி எழுத்தில் மன்னிப்புக் கேட்டது. செத்தவர் பேர் சுத்தமானது.

சரி, இனிமேல் அத்தானை விட்டுவிடும் என்று நினைத்தான். நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம்.

ஆனால் விடவில்லை. ஃபயர்வால் பதிவைத் திரையில் வைத்துக்கொண்டு அக்காவுக்குப் போன் போட்டான். "அக்கா, அத்தான் இப்ப வாயைத் திறந்தாரா?"

"ஆமாடா. ஏன் கேக்கிறே?"

திரையில் ஒரு வரி. தடுக்கப்பட்டது. யாருக்கும் இல்லாத அந்த முகவரியிலிருந்து.

"இப்ப?"

"ஆமா."

இன்னொரு வரி. ஒல்லி அந்த ஒரு முகவரியை அனுமதி ஜோனில் போட்டு, எல்லாவற்றுக்கும் மேலே எழுதி, சேமித்தான்.

"டேய்! பேசுறார்டா! என் பேரைச் சொல்றார்டா!" அக்கா அழுகிறாள், சிரிக்கிறாள், ஏதோ நாற்காலி விழுகிறது... "இரு, இரு, அவர்கிட்ட குடுக்கிறேன்."

போன் கை மாறியது. கொஞ்ச நேரம் பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும். பிறகு ஒரு குரல். அத்தான் குரல் இல்லை. தணிந்த, மரியாதையான குரல்.

"தம்பி, நீங்க நல்லவர். என் பேரைத் திருப்பிக் குடுத்தீங்க. ஆனா நீங்கதான் குடுத்தீங்க, அவர் இல்லை. நான் நாப்பத்தோரு தடவை அமுக்கினேன் தம்பி, ஒருத்தருக்கும் கேக்கலை. இவர் சத்தமும் யாருக்கும் கேக்க வேண்டாம். அந்த வரியை அழிச்சிடுங்க."

ஒல்லி அழித்துவிட்டான்.

திட்டாதே. அந்தக் குரலை நீ கேட்டிருந்தால் நீயும் அழித்திருப்பாய்.

அக்கா இன்னும் தினமும் கூப்பிடுகிறாள். "அன்னைக்கு என்னமோ செஞ்சியே, மறுபடி செய்டா" என்று கெஞ்சுகிறாள். முடியாதுக்கா என்கிறான் ஒல்லி, வேறென்ன சொல்வான்? அவள் பேசி முடிக்கும்வரை அவன் திரையில் தடுக்கப்பட்டது, தடுக்கப்பட்டது என்று வரிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அத்தான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்.