கைதட்டலுக்குள் ஒருத்தி

நடுராத்திரி தாண்டிவிட்டது. மைதானத்தின் பின்பக்க ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. ஒரே ஒரு வேன்... ரெக்கார்டிங் வேன். உள்ளே ஒரு அக்கா, தனியாக, ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கிறாள்...

"நிஜமா நடந்ததா?" என்றாள் சுருட்டை, எங்கள் ரூம் சுருட்டைமுடிக்காரி. அவள் போனில்தான் ஒரு ராக் பேண்டின் லைவ் ஆல்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"என் ஃப்ரெண்டோட கூடப்பிறந்த அக்காடி. முதல்ல அதை நிறுத்து."

நிறுத்தினாள். ஹாஸ்டலில் கரண்ட் இல்லை. நான்கு பேரும் ஒரே கட்டிலில் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். நான் சொன்னது இதுதான்.

அந்த ராக் பேண்டின் பாடகனுக்கு ஒரு வழக்கம். பாட்டின் நடுவே தண்ணீரை வாய் நிறைய ஊற்றி, கொப்பளித்து, முன்வரிசை மேல் துப்புவான். ஆமாம், துப்புவான். கீழே நிற்கிறவர்கள் ஏதோ வரம் கிடைத்த மாதிரி வாயைத் திறந்துகொண்டு நிற்பார்கள்.

அன்றைக்கு அந்த மைதானத்தில் கூட்டம் இடம் கொள்ளவில்லை. டிக்கெட்டை விற்றுத் தள்ளியிருந்தார்கள். முன்னால் இரும்புத் தடுப்பு, பின்னாலிருந்து தள்ளு. தடுப்பில் நெஞ்சு அழுந்தி ஒரு பெண் செத்துப்போனாள். காலேஜ் பெண். நம் வயசு. மறுநாள் பேண்ட் அறிக்கை விட்டது: மேடையில் இருந்த எங்களுக்கு எதுவுமே தெரியாது.

வேனுக்குள் இருந்த அக்காவுக்கும் தெரியாது. இறங்கி வந்தபோது தடுப்போரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒற்றைச் செருப்புகள், வாந்தி, பீர், புளித்த வியர்வை... அந்த வாடை அவள் துப்பட்டாவை விட்டுப் போகவே இல்லை.

பிறகு ஸ்டுடியோ. ஆல்பத்தைக் கோர்க்கும் வேலை. லைவ் ஆல்பத்தில் கேட்கிற கைதட்டல் எல்லாம் அந்தந்தப் பாட்டுக்கு அடித்தது என்று நம்பாதீர்கள். நல்லதாக ஒரு கைதட்டலைப் பிடித்து, வெட்டி, தொய்வாக இருக்கிற இடத்திலெல்லாம் ஒட்டுவார்கள்.

பேண்டின் மேனேஜர் அக்கா பின்னாலேயே நின்றான். "அவர் துப்பினதும் ஒரு கத்து கத்துறானுங்க பாரு, அதான்மா கைதட்டல்! அதையே எல்லாப் பாட்டுக்கும் போட்டுரு."

ஒட்டிவிட்டாள். அதற்கப்புறம்தான் பாடகனின் மைக்கில் பதிந்ததை மட்டும் தனியாக ஓடவிட்டுக் கேட்டாள். பாட்டு நிற்கிற இடத்தில்... ஒரு பெண் குரல். மூச்சே இல்லாத குரல்.

"தண்ணி... அண்ணா... தண்ணி..."

அடுத்து அவன் குரல். சிரிப்போடு. "வேணுமா? வாயைத் திற."

களக், களக் என்று கொப்பளிக்கும் சத்தம். த்தூ.

அதற்குத்தான் அந்த ஆரவாரம்.

எதுவும் தெரியாதாம், நாய்களுக்கு.

மேனேஜரும் அதைக் கேட்டான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "அழிச்சிரு. ஒரிஜினல்லயும் இருக்கக் கூடாது."

"சார், ஒரு பொண்ணு செத்திருக்கா..."

"நீ அழிக்காம வெச்சா திரும்பி வரப்போறாளா? உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அந்த வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் அவள்தான். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. நானும் அப்படிப்பட்ட வீட்டுக்காரிதான், அதனால் அவளை நான் திட்டமாட்டேன். அழித்தாள்.

இரண்டொரு நாளில் செத்தவளின் அம்மா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டாள்.

"அவ முன்னாடிதான் நின்னாளாம். அவ குரல் எங்கேயாச்சும் பதிஞ்சிருக்குமாம்மா? கத்துனதா இருந்தாலும் பரவாயில்ல. ஒரே ஒரு தடவை கேட்டுட்டுப் போயிடறேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றிருந்தான்.

"இல்லம்மா," என்றாள் அக்கா. தண்ணீர் டம்ளரை நீட்டினாள். அந்த அம்மா தொடவில்லை. போய்விட்டாள்.

அன்று ராத்திரி ஆல்பத்தைக் கடைசியாக ஒரு தடவை ஓடவிட்டாள். முதல் பாட்டு முடிந்தது. கைதட்டல். அதற்குள் எங்கேயோ தூரத்தில்... "தண்ணி..."

அழித்த குரல்.

அடுத்த பாட்டு. ஒட்டியது அதே துண்டுதான், அச்சு அசலாக அதே சத்தம்தான் வர வேண்டும். ஆனால் குரல் கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. அதற்கடுத்த பாட்டில் இன்னும் கிட்டே. கடைசிப் பாட்டில் கைதட்டலே இல்லை. காதோடு வாய் வைத்து யாரோ மூச்சு இளைக்கிற சத்தம் மட்டும். அப்புறம்... மடக். விழுங்குகிற சத்தம்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கினாள். காதுப் பஞ்சு நனைந்திருந்தது. வியர்வை இல்லை. விரலில் நூலாக இழுத்தது. காய்ந்த எச்சில் வாடை.

மேஜையில் அந்த அம்மா தொடாத டம்ளர். குடிக்க எடுத்தாள். மேலே வெள்ளை வெள்ளையாக நுரை. கொட்டிக் கழுவி, புதிதாகப் பிடித்தாள். மறுபடியும் நுரை. வாயில் வைத்தால் வெதுவெதுப்பு... யாரோ கொப்பளித்த வெதுவெதுப்பு. வாந்தி எடுத்தாள்.

மேனேஜருக்கு எதுவும் கேட்கவில்லையாம். ஆல்பத்தை வெளியிட்டார்கள். பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்த ராத்திரியிலிருந்தே அக்கா தொண்டையில் ஒரு சொட்டு இறங்குவதில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் கிடக்கிறாள். அங்கே படுத்திருந்தபோதுதான் போன் வந்தது. அந்த அம்மா. கோபமே இல்லாத குரல்.

"ஏம்மா இல்லன்னு சொன்னே? எல்லாப் பாட்டுலயும் இருக்காளே. தண்ணி கேக்குறா..."

அக்கா போனைக் காதோடு அழுத்தினாள்.

"கடைசிப் பாட்டுல மட்டும், அண்ணான்னு சொல்லலம்மா. உன் பேரைச் சொல்லிக் கேக்குறா."

நான் நிறுத்தினேன்.

"அந்த அக்கா பேரு என்னடி?" என்றாள் ஒருத்தி.

"சொல்லமாட்டேன். சொன்னா கடைசிப் பாட்டைப் போட்டுத் தேடுவீங்க."

சுருட்டைதான் சாயந்திரத்திலிருந்து ஆல்பம் முழுக்கக் கேட்டவள். தொண்டை காய்ந்ததோ என்னவோ, தலைமாட்டிலிருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். கடையில் வாங்கியது, சீல் உடைக்காதது. போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மெதுவாக என் பக்கம் நீட்டினாள்.

உள்ளே, கழுத்தருகே, நுரை.