அஞ்சு ரோடு ரவுண்டானா

— நான் ஒண்ணு கேக்கறேன், அந்த வளைவுல ஒரு எச்சரிக்கைப் பலகை வச்சா என்னவாம்?

— கம்ப்யூட்டர் கேம்ல யாருங்க பலகையைப் படிக்கப் போறாங்க?

— படிக்கிறாங்களோ இல்லையோ, வைக்கிறது நம்ம கடமை. இருபத்திரெண்டு வருஷமா சாலைத் துறைல இன்ஜினியரா இருக்கேன், எனக்குத் தெரியாதா?

— சரிங்க சார். அந்தக் கடமையை ஆபீஸ்லயே வச்சுட்டு வாங்க. வாரம் பூரா பல் டாக்டர் கிளினிக்ல உக்காந்து டோக்கன் நம்பரைக் கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போகுது. ஞாயித்துக்கிழமை ஒரு நாள் என் ஊரை நான் கட்டிக்கறேன்.

— ஊராம் ஊரு. வேகத்தடை ஒண்ணையும் காணோம்.

— வேகத்தடை போட்டா என் மேப்பை, அதான் இந்த ஊரை, ஒருத்தரும் சீண்ட மாட்டாங்க.

— வடிகாலும் இல்ல. மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?

— இந்த கேம்ல மழையே கிடையாதுங்க.

— இதையேதான் எங்க சீஃப் இன்ஜினியரும் ஒரு தெருவைப் பாத்துச் சொன்னாரு. அடுத்த மாசம் அவர் காரே அதுல மிதந்துச்சு.

— கொஞ்சம் இருங்க. முன்னெல்லாம் நான் இதைத் திறந்தாலே, "பொம்மை ரோடு போட உக்காந்துட்டா"ன்னு நக்கலடிப்பீங்க. மூணு வாரமா என் முதுகுக்குப் பின்னாடியே நிக்கறீங்க. இன்னிக்கு டீ வேற போட்டுக் கொடுத்திருக்கீங்க. என்ன விஷயம்?

— பொண்டாட்டிக்கு டீ போட்டா அதுவும் குத்தமா?

— பதினெட்டு வருஷமா போடாத டீ. சர்க்கரைக்குப் பதிலா உப்பு வேற போட்டிருக்கீங்க.

— சும்மா ஒரு ஆர்வம்மா. நான் ஒண்ணு கேக்கறேன், அந்த ரவுண்டானாவை எப்படி யோசிச்சே? அஞ்சு ரோடு வந்து சேருது, சிக்னலே இல்ல.

— அதுவா? என் மேப்புக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அதுதான். பதினோராயிரம் பேர் இறக்கி விளையாடறாங்க. ஒருத்தர் எழுதியிருக்காரு, "இப்படி ஒரு ரவுண்டானாவை வாழ்க்கைல பாத்ததில்ல"ன்னு.

— ஆமா, அஞ்சு நட்சத்திரம் கொடுத்திருந்தாரு.

— அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— தெரியும். விடு.

— என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க.

— பஸ் ஸ்டாண்டு சந்திப்புக்குப் புது வரைபடம் கேட்டாங்கம்மா. ரெண்டு தடவை கொடுத்தேன், ரெண்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவதையும் சொதப்பினா பழைய ஃபைல் அடுக்கற ரூமுக்கு மாத்திடுவேன்னு சீஃப் சொல்லிட்டாரு. எனக்கு மூளையே ஓடல. அன்னிக்கு நீ குளிக்கப் போயிருந்தே. ஸ்கிரீன்ல இது இருந்துச்சு. மேலேர்ந்து பாக்க பூ மாதிரி அவ்வளவு அழகு.

— அப்படியே வரைஞ்சு கொடுத்துட்டீங்களா?

— அப்படியேன்னு சொல்ல முடியாது. வடிகால் சேத்தேன்.

— யார் பேர்ல?

— உன் பேரைப் போடலாம்னுதான் பாத்தேன். அந்தப் படிவத்துல இடம் இல்ல.

— இடம் இல்லையா? பொம்மை ரோடுன்னு கேலி பண்ணின வாயி, இப்ப படிவத்துல இடம் இல்லைங்குது.

— தப்புதான். ஆனா சீஃப் அதைப் பாத்துட்டு, சீட்டை விட்டு எழுந்து கை கொடுத்தாரும்மா. இத்தனை வருஷத்துல முதல் தடவை. அந்த நேரத்துல இது என் வேலை இல்லைன்னு சொல்ல வாய் வரல.

— நிஜமாவே எழுந்து நின்னாரா?

— நின்னாரு. "எங்கேய்யா ஒளிச்சு வச்சிருந்தே இந்தத் திறமையை"ன்னு கேட்டாரு.

— ம். அவர்கிட்ட ஒரு நாள் என்னைக் கூட்டிட்டுப் போய், யார் போட்டதுன்னு சொல்லணும்.

— நாளைக்கே சொல்லிடறேன். காலையில எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாண்டு சந்திப்புல சோதனை ஓட்டம். உன் ரவுண்டானா மாதிரியே மணல் மூட்டை அடுக்கிக் கோடு போட்டாச்சு. அஞ்சு ரோட்டையும் ஒரே நேரத்துல திறந்து விடறோம். முதல் வண்டில சீஃபே வரேன்னுட்டாரு. என்னம்மா, ஏன் எழுந்துட்டே? இன்னும் கோவமா?

— இந்த கேமை நீங்க ஒரு தடவையாவது விளையாடிப் பாத்திருக்கீங்களா?

— இல்ல. கார் ஓட்டற கேம்தானே?

— முதல்ல சீஃபுக்கு ஒரு போனைப் போடுங்க. இது காரோட கார் மோதற கேம்ங்க. அந்த ரவுண்டானாவுக்குள்ள போன வண்டி ஒண்ணுகூட இன்னிவரைக்கும் முழுசா வெளிய வந்ததில்ல.