நெருப்புப் பெட்டியில் பஞ்சு

"இருமலுக்குத்தாம்மே சிகரெட்டுக்கு மாறினேன்" என்று முன்சீட்டுக்காரர் மனைவியிடம் சொன்னதும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கும் பஸ் அது. 'புகை பிடிக்காதீர்' என்ற எழுத்துக்கு நேர் கீழே நின்று கண்டக்டர் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எண்பதுகளில் அந்த எழுத்துக்கு அவ்வளவுதான் மரியாதை.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"பீடிய வுடச் சொன்னாரு. வுட்டுட்டேன்ல? இது புதினா வாசனை போட்டது. இழுத்தா தொண்டை ஜில்லுனு கீது. பொட்டிய பாரு, பச்சை எலை, தங்கக் கோடு. மருந்துப் பொட்டி மாதிரியே இல்ல?"

"மருந்த யாரும் ஒரே நாள்ல பொட்டியோட தீக்க மாட்டாங்க."

"காரமே இல்லம்மே. அதான் கொஞ்சம் கூடப் போவுது."

அவர் மடியிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்துப் பயபக்தியோடு திறந்தார். உள்ளே குச்சிகள் இல்லை. பிடித்து முடித்த சிகரெட்டுகளின் அடிப்பஞ்சுகள் பழுப்பேறிக் கிடந்தன.

"வெள்ளையா இருந்த பஞ்சு. வெசத்தையெல்லாம் இதுவே புடிச்சிக்கிச்சு பாரு. டாக்டருகிட்ட காட்டத்தான் சேத்து வெச்சிக்கிறேன்."

"அவரு சளியத்தான் கொண்டாரச் சொன்னாரு."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் பஸ் நின்ற பிறகும் ஓயவில்லை. அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"பஞ்சு புடிச்சத நீ காட்டிட்ட. அது புடிக்காம உள்ள வுட்டத டாக்டரு படம் எடுத்துக் காட்டுவாரு. எறங்கு."