குர்லா வருமுன் இறங்கச் சொன்ன பானு மேடம்

மேடையில் அமர்ந்திருக்கும் டாக்டர்களே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். நான் தாராவி மாரிசெல்வி, பேச்சிராஜாவின் தங்கை. பேரில்தான் அண்ணன் பேச்சுக்கு ராஜா. வீட்டில் அந்தப் பட்டம் எனக்கு. அதனால் இந்த இரங்கல் கூட்டத்தில் மைக் என்னிடம் வந்துவிட்டது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்குக் கோபத்தையும் பயத்தையும் கையாளும் பயிற்சியை இந்தச் செம்பூர் ஹாலில் சனிக்கிழமைதோறும் நடத்தியவர் மனநல ஆலோசகர் அக்தர் பானு மேடம். முதல் வகுப்பில் என்ன செய்தார்? புத்தகத்தில் இருந்தபடியே, "கண்ணை மூடுங்க, மூச்சை மட்டும் கவனிங்க" என்றார். கண்ணை மூடியதும் மின்விசிறிச் சத்தம் பூதமாகிவிட்டது. பாதிப்பேர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். "இவங்களுக்கு இதெல்லாம் வராது மேடம்" என்றார் ஒருவர். மேடம் என்ன சொன்னார்? "பாடம்தான் இவங்களுக்குப் பொருந்தல. பாடத்தைத் திருத்துவோம்."

திருத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். கண் திறந்தே இருக்கலாம், கையில் பதனிட்ட தோல் துண்டை உருட்டலாம் என்றார். "மனசு எப்படி இருக்கு?" என்ற கேள்வியையே விட்டார். வகுப்பில் இருந்த என் அண்ணனுக்கு அதற்குப் பதில் தெரியாது, ரயில் தெரியும். "பேச்சி, இப்ப எந்த ஸ்டேஷன்?" என்பார். வாஷியில் கிளம்பி கோவண்டி, செம்பூர், குர்லா என்று போகும் நம் மின்ரயில். வாஷி என்றால் நிம்மதி. குர்லா என்றால் நெரிசல், அடிதடி. "குர்லா வந்துட்டா இறங்க விடமாட்டாங்க. செம்பூர்லயே இறங்கிருங்க." இறங்குவது என்றால் வேலையை வைத்துவிட்டு வெளியே போய், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவுவது.

முன்பெல்லாம் தோல் பட்டறையில் முதலாளி கத்தினால் கத்தரிக்கோல் பறக்கும், பின்னாலேயே வேலையும் பறக்கும். இப்போது அண்ணன், "சேட், கோவண்டி தாண்டிட்டேன், கீழ போறேன்" என்பான். "ஆர்டர் கிடக்கு, கோவண்டில உனக்கு என்னடா வேலை?" என்பார் அவர். வேலை நிலைத்தது.

மேடம் இறந்த செய்திக்கு அண்ணன் அழவில்லை. "அவனுக்கு என்னத்த தெரியும்" என்றார்கள் சொந்தக்காரர்கள். தெரியாதா? போன சனிக்கிழமை, பூட்டிய இந்த ஹால் வாசலில் வெயில் சாயும்வரை நின்றான். "எந்த ஸ்டேஷன்ணே?" என்றேன்.

"ஸ்டேஷனே வரலட்டி. வண்டி நடுவுல நிக்கி."

எனக்கும் அப்படித்தான் நிற்கிறது.

இரங்கலுக்காகத்தான் இன்று ஹாலைத் திறந்திருக்கிறார்கள். வகுப்பு இனி இல்லை என்கிறார்கள். மேடையில் உள்ளவர்களே, சாவியை எங்களிடம் தாருங்கள். மேடத்திடம் பயின்ற சாயிமாக்கா பாடம் எடுப்பார். நாற்காலி போடுவது, தண்ணீர் பிடிப்பது என் பொறுப்பு. இந்தச் சனிக்கிழமையே தொடங்குவோம். மேடம் சாய்ந்து நிற்கும் அந்த ஜன்னலோரத்தில் மட்டும் யாரும் நிற்க வேண்டாம், சாயிமாக்காவும்தான். உள்ளே வந்ததும் அண்ணன் முதலில் அங்கேதான் பார்ப்பான். நானும்.