எட்டாம் தேதிக் கலவை

கிட்ட வந்து உட்கார், ஓவியா. மோரைக் குடி, இந்த வெயிலில் தாயில்பட்டியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாய். உன் அம்மா வேலுத்தாய் போன கதையை, ஊரில் எவரும் சொல்லாத விதமாக உனக்குச் சொல்கிறேன்.

பட்டாசுக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. ஐம்பது வயதுக்கு மேல் பிஎச்பி என்ற மொழியை நானே கற்றுக்கொண்டேன். வெடிமருந்து கலந்த தேதியை ஃபோர்மேன் பாலகுரு காலையில் தட்டுவார். நான் எழுதிய புரோகிராம் அந்தத் தேதியை நொடிக் கணக்காக மாற்றி, இன்றைய நொடியோடு ஒப்பிடும். அன்றைய மருந்து என்றால் திரையில் பச்சை. நேற்றைய மிச்சம் என்றால் சிவப்பு. உடனே தண்ணீரில் கொட்டிவிட வேண்டும். ஈரக்காற்றில் கிடந்த மருந்து தானாகவே சூடேறி வெடித்துவிடும்.

என் மகன் விக்னேஷ்குமார் அப்படித்தான் போனான், இந்தக் கம்ப்யூட்டர் பெட்டி வருவதற்கு முன்பு. "அன்னைக்குக் கலந்த மருந்துதான்க்கா, சத்தியமா" என்றார் பாலகுரு. அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் எட்டிப் பார்த்தால் கலவை அறைக் கதவை ஏன் சாத்துகிறார்? மிச்ச வாளி ஏன் மூலையிலேயே இருக்கிறது?

"யக்கா, என்னைய எதுக்கு இப்படி முறைக்கீக? சிவப்புன்னா கொட்டிருதேன், பச்சைன்னா விட்டிருதேன். அம்புட்டுத்தான்" என்று சிரிப்பார்.

பச்சை காட்டினால் பழைய மருந்தையும் உள்ளே அனுப்புவாரா என்று அவரைச் சோதிக்க நினைத்தேன். அந்த மொழியில் தேதிக்கு நடுவே படுக்கைக் கோடு போட்டால் முதல் எண் நாள். சாய்கோடு போட்டால் முதல் எண் மாதம். பாலகுரு தட்டும் கோட்டைச் சாய்கோடாக மாற்ற ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஜூலை எட்டு, ஆகஸ்ட் ஏழாகிவிடும். இன்னும் வராத நாளில் கலந்த மருந்து பழசாகுமா? பச்சைதான். பதின்மூன்றாம் தேதி என்றால் அப்படி ஒரு மாதம் கிடையாது, குட்டு வெளிப்பட்டுவிடும். ஏழாம் தேதி வரை என்றால் கடந்துபோன நாளாகி, எப்படியும் சிவப்புதான். அதனால் எட்டாம் தேதிக்குக் காத்திருந்தேன்.

ஒன்பதாம் தேதி காலை, மூலை வாளிக்கு அவர் உண்மையான தேதியைத்தான் தட்டினார். எனக்கே ஆச்சரியம்.

"யக்கா, இது நேத்துக் கலந்ததுல்லா? பச்சை காட்டுதே."

"ராத்திரி ஈரக்காத்து இல்ல பாலகுரு. பெட்டி அதையும் பாக்கும். உங்களுக்கு எதுக்குச் சந்தேகம்?"

தலையைச் சொறிந்துகொண்டு வாளியை மருந்து அடைக்கும் அறைக்கு அனுப்பினார். பிறகு உன் அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"என்னக்கா, இன்னைக்கு என்ன கலரு?"

"பச்சை, வேலுத்தாயி."

"நானும் பச்சைச் சேலைதான். பொருத்தம் பாத்துட்டீகளோ?"

சிரித்தபடி அதே அறைக்குள் போனாள். திரும்பக் கூப்பிட வார்த்தை நாக்கு வரை வந்தது. கூப்பிட்டிருந்தால் சோதனை பாதியில் நின்றிருக்கும்.

அறை வெடித்த அன்று மதியமே சாய்கோட்டை எடுத்துவிட்டேன். போலீஸ் வந்து அதே தேதியைத் தட்டிப் பார்த்தபோது பெட்டி சிவப்புதான் காட்டியது. பாலகுரு ஜெயிலில் இருக்கிறார். நான் சந்தேகப்பட்டது சரிதானே? யாருக்கும் கெடுதல் நினைத்தவள் இல்லை நான்.

மோரை ஏன் கீழே வைத்துவிட்டாய்? குடி, தாயி. உன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் பொழுது சாய முழுசாக வீடு திரும்பட்டும்.