எட்டு மாதமாக வாசலில் நிற்கும் லாவண்யா

எத்திராஜ்: ஆவாது சார். உள்ள விட முடியாது.

பாலகுமார்: எத்திராஜ், அந்தப் பொண்ணு எட்டு மாசமா கேட்ல நிக்குது!

எத்திராஜ்: எட்டு வருசம் நின்னாலும் அதான் ரூல். ஃபிளாட்டுக்காரரு போன்ல அப்ரூவ் அமுக்கணும். அப்பதான் என்ன மாதிரி செக்யூரிட்டி கேட்டத் தொறப்பான்.

பாலகுமார்: ஐயோ, அந்த ஃபிளாட்டுக்காரன் என் நாவல்ல வர்ற ஆளு. லாவண்யாவும் நாவல்ல வர்ற பொண்ணு. கேட்டும் நாவல்லதான் இருக்கு.

எத்திராஜ்: செக்யூரிட்டி?

பாலகுமார்: அவனும் நாவல்லதான்.

எத்திராஜ்: யூனிஃபார்ம் போட்டிருக்கானா?

பாலகுமார்: போட்டிருக்கான்.

எத்திராஜ்: அப்ப விடமாட்டான் சார்.

பாலகுமார்: நான் எழுதினா விடணும்ங்க!

எத்திராஜ்: எழுதுங்களேன்.

பாலகுமார்: அதான் முடியலையே... இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம். ‘லாவண்யா கேட்டருகே வந்து நின்றாள்.’ அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஒரு வரி நகரல. இதுக்குன்னு ஆபீஸ்ல மூணு மாசம் லீவு போட்டேன். லீவு முடிஞ்சிடுச்சு, அவ இன்னும் நிக்கிறா.

எத்திராஜ்: பின்னாடி காம்பவுண்டு செவுரு ஏறிக் குதிக்கச் சொல்றது.

பாலகுமார்: போன வாரம் குதிக்க வெச்சேன்.

எத்திராஜ்: ஆங்?

பாலகுமார்: கால் ஒடஞ்சிடுச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்.

எத்திராஜ்: ச்சே... பாவம்.

பாலகுமார்: அதுக்கு முந்தின வாரம் பிரியாணி டெலிவரி பண்ற பொண்ணா மாத்தி உள்ள அனுப்பினேன். பிரியாணியக் குடுத்தா, திரும்பிப் போயிட்டா. ஒரு வார்த்த பேசல.

எத்திராஜ்: அவங்களுக்கு எங்க சார் டைமு? அடுத்த ஆர்டர் வந்திருக்கும்.

பாலகுமார்: கிண்டலா?

எத்திராஜ்: இல்ல சார், நிஜத்தச் சொன்னேன். சரி, முறைப்படி போவோம். ரிஜிஸ்டர் கையில எடுத்துட்டேன். பேரு லாவண்யா. எந்த ஃபிளாட்டு?

பாலகுமார்: முந்நூத்தி நாலு.

எத்திராஜ்: அது உங்க ஃபிளாட்டு.

பாலகுமார்: நாவல்லயும் முந்நூத்தி நாலுதான். புதுசா நம்பர் யோசிக்க சோம்பேறித்தனம்.

எத்திராஜ்: வந்த காரணம்? கெஸ்ட்டா, வேலைக்கா, பார்சலா?

பாலகுமார்: தெரியாதுங்க.

எத்திராஜ்: எழுதறது நீங்க. உங்களுக்கே தெரியலன்னா கேட்ல நிக்கிறவன் என்னா பண்ணுவான்? சரி வுடுங்க, கையில என்னா வெச்சிருக்காங்க?

பாலகுமார்: மல்லிப்பூ.

எத்திராஜ்: பூ வேணாம் சார். எவர்சில்வர் டப்பா வைங்க. உள்ள முறுக்கு.

பாலகுமார்: எதுக்கு முறுக்கு?

எத்திராஜ்: இருக்கட்டும். அழுவுறாங்களா?

பாலகுமார்: ஆமா. கண்ல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது.

எத்திராஜ்: அடிச்சிடுங்க சார் அத. அந்தம்மா அழுவுற ஆளே இல்ல.

பாலகுமார்: எந்தம்மா?

எத்திராஜ்: ...லாவண்யாம்மா.

பாலகுமார்: லாவண்யாவுக்கு இருபத்தாறு வயசுங்க. என்ன அம்மா?

எத்திராஜ்: நாப்பத்தஞ்சு வைங்க. பேரும் எடுப்பா இல்ல சார். மங்களம்னு மாத்துங்க.

பாலகுமார்: ...என்ன பேரு சொன்னீங்க?

எத்திராஜ்: சும்மா வாயில வந்திச்சி. அதோ தண்ணி லாரி வருது, நான் போயி...

பாலகுமார்: தண்ணி லாரி ஞாயித்துக்கிழமை வராது. எத்திராஜ்... எங்கக்கா பேரு மங்களம்.

எத்திராஜ்: அப்படியா சார்.

பாலகுமார்: உங்களுக்குத் தெரியும்.

எத்திராஜ்: நீங்க சொல்லவே இல்லயே சார். எட்டு மாசமா லாவண்யா லாவண்யான்னுதானே சொல்றீங்க.

பாலகுமார்: அவ வந்த அன்னிக்கு ட்யூட்டில நீங்கதான் இருந்தீங்களா?

எத்திராஜ்: நான்தான் உங்க போனுக்கு ஆப்புல அனுப்பினேன். ‘மங்களம், முந்நூத்தி நாலு.’ நீங்க ரிஜெக்ட் அமுக்கினீங்க.

பாலகுமார்: சோஃபாவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு அமுக்கினேன்.

எத்திராஜ்: மூணாவது மாடி சார். கேட்லேர்ந்து சோஃபா தெரியாது.

பாலகுமார்: தெரியும். இருந்தாலும் ஒளிஞ்சேன். சிரிக்காதீங்க.

எத்திராஜ்: சிரிக்கல சார். இருமல்.

பாலகுமார்: மொத நாவல்ல அவ கதையத்தான் எழுதினேன். மாமா அவள விட்டுட்டுப் போனது, எல்லாத்தையும். அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. பேர மட்டும் மாத்தினேன்.

எத்திராஜ்: பேர மாத்தினா தெருவுல இருக்கறவங்களுக்குத் தெரியாதா?

பாலகுமார்: தெரிஞ்சிடுச்சு. ஓசூர்ல அவ தெருவுல வீட்டுக்கு வீடு வாங்கிப் படிச்சாங்க. என் புக்கு ஒரு தெரு முழுக்க வித்தது அந்த ஒரு தடவதான். அப்புறம் திடீர்னு இங்க வந்து நிக்கிறா... செருப்பால அடிக்கத்தான் வந்திருப்பான்னு பயந்துட்டேன்.

எத்திராஜ்: ம்.

பாலகுமார்: வெக்கமா இருக்குங்க. என்னத் தூக்கி வளத்தவ. இந்த ஊர்ல எனக்கு ஆபீஸ்காரங்களத் தவிர யாரு இருக்கா? சொந்தம்னு ஓசூர்ல அவ ஒருத்திதான். அவளையும் ஒரு பட்டன அமுக்கி அனுப்பிட்டேன். அன்னிலேர்ந்து எழுத உக்காந்தா அந்த கேட்ட விட்டு நகர முடியல.

எத்திராஜ்: போன் பண்றதுதானே.

பாலகுமார்: பண்ணேன். நம்பர் மாத்திட்டா. வீட்டுக்குப் போலாம்னு கெளம்பினேன். ஓசூர் போற வழியில அத்திபெலே டோல்கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்துட்டேன். மூணு வாட்டி.

எத்திராஜ்: டோல்கேட்ல யாரும் அப்ரூவல் கேக்கலியே சார்?

பாலகுமார்: எத்திராஜ்... அவ அன்னிக்கு எதுக்கு வந்தான்னு சொன்னாளா?

எத்திராஜ்: சொன்னாங்க.

பாலகுமார்: என்ன?

எத்திராஜ்: ரிஜெக்ட் ஆன விசிட்டர் பேசினத ஃபிளாட்டுல சொல்லக் கூடாது சார். அசோசியேசன் ரூல்.

பாலகுமார்: கைய வேணா கட்டிக்கறேன், சொல்லுங்க!

எத்திராஜ்: ...புக்குல தப்பு இருக்காம். திருத்த வந்தாங்க.

பாலகுமார்: தப்பா?

எத்திராஜ்: வூட்டுக்காரரு போன அன்னிக்கு அவங்க கெணத்தடியில குந்திக்கினு ராத்திரி பூரா அழுததா எழுதிட்டீங்களாம்.

பாலகுமார்: ஆமா. அந்த எடத்தத்தான் எல்லாரும் பாராட்டினாங்க.

எத்திராஜ்: அழவே இல்லியாம். மேட்னி ஷோவுக்குப் போனாங்களாம். உங்களையும் கூட்டிக்கினு. பாப்கார்ன் வாங்கிக் குடுத்தாங்களாம். நீங்க இன்டர்வெல்லுக்கு முன்னாடியே மடியில தூங்கிட்டீங்களாம்.

பாலகுமார்: அந்தப் படம்... அது அன்னிக்கா?

எத்திராஜ்: அன்னிக்குத்தான். ‘ஊரு படிச்சத பத்திக் கவலையில்ல, என்ன அழுமூஞ்சின்னு எழுதிட்டான், அத மாத்தச் சொல்லு’ன்னாங்க.

பாலகுமார்: எனக்கு... எனக்கு அழுகை வருதுங்க.

எத்திராஜ்: உங்களப் பத்தி எழுதும்போது அத வேணா வெச்சிக்கங்க.

பாலகுமார்: ஒரு முறுக்கு டப்பாவோட வந்தவள... எட்டு மாசம் ஆச்சு. இனிமே எங்க போய் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவளப் பாப்பேன்?

எத்திராஜ்: எதிர்ல பேக்கரிக்குப் போங்க சார், அந்த ஃபேனுக்குக் கீழ இருக்கற டேபிள்ல குந்திக்கினு இருக்காங்க. ஞாயித்துக்கிழமையானா ஓசூர்லேர்ந்து பஸ் ஏறி வந்துடறாங்க, வாராவாரம் நீங்க சொல்ற கதைய நான் போயி சொல்லி எனக்கும் வாய் வலிக்குது. பிரியாணியக் குடுத்துட்டு லாவண்யா பேசாமப் போனாங்கன்னேன் பாருங்க, அன்னிக்குத்தான் சார் அந்தம்மா அழுதுட்டாங்க.